மூன்றாவது இலை

உறைந்த வாழையிலைக்கு வாசனை கிடையாது. அடுப்பின் அனலுக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து வாட்டும்போது, தகரம் போல முறுக்கிக்கொண்டிருந்த விறைப்பை விட்டு அது தளர்கிற அந்த ஒரு நொடியில் மட்டும், பச்சையும் ஈரமண்ணும் கலந்த மணம் எழுந்து உடனே போய்விடும். ரோட்டர்டாம் நகரத்தில், ஏழாவது மாடியில், காலை எட்டு மணிக்கும் விடியாத தை முதல் நாளில், வியட்நாம்காரர் கடையில் வாங்கிய இலைகளை அப்படித்தான் வாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து வருஷம் திரும்பியபின் எங்கள் வீட்டில் பொங்கும் முதல் பொங்கல் இது. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் இலை போடுவேன். ஏன் என்று மகள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்; சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய், அவர் இல்லாமல் வந்த முதல் பொங்கல்; வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அவருடைய தம்பியான சித்தப்பாவோடு ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோய், ஒரே முற்றத்தை இரண்டாக்கி நடுவில் ஆளுயரச் சுவர் எழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியும் பொங்கினாள், இந்தப் பக்கம் அம்மாவும் பொங்கினாள். குலவை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கேட்டது. வாழை விளையாத கரிசலில், கோவில்பட்டிச் சந்தையிலிருந்து அம்மா வாங்கிவந்த இலைகளில் மூன்று நுனி இலைகள் இருந்தன. அவள் சூரியனுக்குக் காட்டிவிட்டு வருவதற்குள், நான் மூன்றையும் விரித்து, சர்க்கரைப் பொங்கலும் சிறுகிழங்குப் பொரியலும் சோறும் குழம்புமாக வைத்துவிட்டேன்.

"ஏட்டி, யாருக்குட்டி இந்த மூணாவது இலை?"

"அப்பாவுக்கு."

அம்மாவின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பாவி மட்டை! உசுரோட இருக்க மனுசனுக்கு ஆளில்லாம இலை போடுவாவளா? அது செத்தவியளுக்குப் போடுத படையல்லா!"

எடுத்துவிடலாமே என்று கை நீட்டினேன், தட்டிவிட்டாள். அவர் பெயரைச் சொல்லிப் பரிமாறிய சோற்றைத் தூக்கி எறிவது அதைவிடக் கேடாம். அவர் ரத்த உறவில் ஆம்பிளை ஒருவர் உட்கார்ந்து, படையலாக நிற்பதைச் சாப்பாடாக மாற்ற வேண்டுமாம். அவர் ரத்தமென்று ஊரில் இருந்தது ஒரே ஒரு ஆள். இரண்டு வருஷத்துப் பேச்சில்லாமையை விழுங்கிக்கொண்டு அம்மா சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "கொழுந்தனாரே, ஒரு வாய் வந்து உக்காந்துட்டுப் போங்க!"

வெகுநேரம் யாரும் வரவில்லை. சோற்றிலிருந்து எழும்பிய ஆவி அடங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி சித்தப்பா வந்தார்.

"நான்தான் தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "எங்க அண்ணன் வரப்புல ஒரு சாணு எடுத்துக்கிட்டாவ. இன்னைக்கு அவிய சோத்த நான் எடுத்துக்கிடுதேன். கணக்கு நேராப் போச்சு. கொழம்ப ஊத்துங்க மதினி!" சிரித்துக்கொண்டே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

அப்பாவிடமிருந்து பத்து நாளில் கடிதம் வந்தது. அது பொங்கலுக்கு முன்பே எழுதியது. எழுதிய நாளில் ஆள் இருந்தார் என்பதற்குமேல் ஒரு கடிதம் எதற்கும் சாட்சியில்லை என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்டு, அடுத்த கடிதம் வரும்வரை நான் தபால்காரரின் சைக்கிள் மணிக்குப் பயந்து கிடந்தேன். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அப்பா நன்றாகத்தான் இருந்தார்.

சித்திரையில் ஊரே வேண்டிக் கேட்ட கோடைமழை, மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மாட்டைப் பிடித்துவரப் போன சித்தப்பா, உடைமரத்தடியில் ஒதுங்கினார். இடி அந்த மரத்தில் இறங்கியது.

கேத வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக் காதருகே சொன்னாள்: "வாயத் தொறந்துராத." பொங்கலுக்குப் பிறகு பேசத் தொடங்கியிருந்த சித்தி, அன்றிலிருந்து எங்கள் பக்கம் வாசலை மிதிக்கவில்லை. என்னிடம் பேசுவாள், தலை வாரிவிடுவாள். அம்மாவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். நான் போட்ட இலையின் பழியைத்தான் அம்மா கடைசிவரை சுமக்கிறாள் என்று நினைத்தேன். அவள் போனபிறகும் நினைத்தேன்.

இப்போது அந்த நடுச்சுவர் இல்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு தேசம். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆளாகச் சித்தி இருக்கிறாள். இன்று காலை, இலையை வாட்டி முடித்ததும், அவளை வீடியோவில் கூப்பிட்டேன். செத்தவள்மேல் இன்னும் அந்தப் பழி கிடக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"சித்தி, அன்னைக்கு இலை போட்டது அம்மா இல்ல. நான்."

"தெரியும்ட்டி" என்றாள் சித்தி. "ஒங்கம்மா ஒன்ன வஞ்சது சுவருக்கு இந்தப் பக்கம் கேக்காதா?"

பிறகு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடியே சொன்னாள்: "ஒங்க சித்தப்பா போகமாட்டேன்னுதான் நின்னாவ. பயந்தாவ. 'ஒங்க அண்ணன் உசுருல்லா, போய் உக்காருங்க'ன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளுனது நானு. ஒங்கம்மா மொகத்தப் பாத்தா அதச் சொல்லிருவேன்னுதான், கடைசி வரைக்கும் பாக்காமயே இருந்துட்டேன்."

அம்மாவிடம் இதைச் சொல்ல இனி வழியில்லை. திரையில் சித்தியின் முகம் அசையாமல் நின்றுவிட்டது. இணைப்புத்தான் அறுந்துவிட்டதா, அவள்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியாமல், "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.