பேக்கர்மாரோடு ஒரு சனிக்கிழமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் நிலக்கீழ் அறையில் நானும் ஊர்க்கார அண்ணை ஒருவரும் குடியிருந்தோம். மேல்மாடியில் வீட்டுக்காரி. கணவரை இழந்த வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய குடும்பப் பெயர் பேக்கர், அதாவது பாண் சுடுபவர். நான் வேலை செய்ததோ ஒரு பேக்கரியில். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு கோடைச் சனிக்கிழமை ரொறன்ரோவில் பேக்கர் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள் எல்லோரும் ஒரு பூங்காவில் கூடுவதாகச் சொல்லி, முழங்கால் வலியோடு தனியே பஸ் ஏற முடியாது, கூட வருகிறாயா என்று கேட்டார்.

"உனக்கென்னடா அங்கை வேலை? உவையின்ரை சொந்தபந்தமெல்லோ" என்றார் அண்ணை.

"சும்மா பாத்திட்டு வாறன் அண்ணை."

பூங்கா திருவிழா போலிருந்தது! இரண்டு மரங்களுக்கு இடையே கொடிக்கயிறு கட்டி, பேர்பெற்ற பேக்கர்களின் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய மேடைகளில் பாடிய ஒரு பெண், ஒரு மேயர், ஐஸ் ஹொக்கி வீரர் ஒருவர். ஓரத்தில், முறுக்கு மீசையோடு ஒரு வங்கிக் கொள்ளைக்காரர். கூட்டம் அவர் முன்னால்தான் நின்றது.

"அவர் என் தாத்தாவின் தம்பி!" என்று வீட்டுக்காரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மேயரின் சொந்தக்காரரை அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம், பூங்காவின் மறுபக்கம் கூடியிருந்த இன்னொரு கூட்டத்தாரோடு கயிறிழுத்தல். எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. வீட்டுக்காரி என்னை முதுகில் பிடித்துத் தள்ளினார். "இவனை எடுங்கள்! இங்கே மாப்பிசைகிற பேக்கர் இவன் ஒருவன்தான்!"

ஒரே சிரிப்பு. யாரோ என் சட்டையில் 'பேக்கர்' என்று எழுதிய அட்டையைக் குத்திவிட்டார்கள். கயிற்றைப் பிடித்தேன். முதலில் நாங்கள் சறுக்கினோம். பின் எனக்கு முன்னால் நின்ற தடித்த மனிதர் "இழு!" என்று கத்த, குதிக்காலைப் புல்லுக்குள் புதைத்து, மாவை இழுப்பதுபோல் இழுத்தேன். எதிர்ப்பக்கம் அப்படியே குப்புற விழுந்தது! முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். வீட்டுக்காரி முழங்காலை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரியை மேல்மாடியில் விட்டுவிட்டு, எங்கள் அறைக்கு ஓட்டமும் நடையுமாய் இறங்கி வந்தேன்.

"கையென்னடா சிவந்து கிடக்கு?" என்றார் அண்ணை.

"நாங்கள் வெண்டிட்டம் அண்ணை!"

"ஆர் நாங்கள்?"

"பேக்கர்மார்!"