உப்பு லாரியின் பின்விளக்கு

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் எலக்ட்ரிக் வேலை பார்த்த கலீலுல்லாவை, அந்தப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. உப்புத்தாள் பாய் என்று கேட்க வேண்டும். அப்புறம் பாருங்கள், துறைமுகத்துக்கு வருகிற எந்த லாரிக்காரனும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் விட்டுவிடுவான்.

பேர் வந்த கதை பெரிய கதையில்லை. இரும்போடு இரும்பு சேர்கிற இடம் எதுவானாலும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்காமல் அவர் ஒரு நட்டை முடுக்க மாட்டார். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. அவசரம் பாய், சும்மா மாட்டி வுடு என்று எவனாவது சொன்னால் தீர்ந்தான். அவனை, அவன் முதலாளியை, அந்த லாரியைச் செய்தவனை, கடைசியில் கடல் காற்றை வரைக்கும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். கடலோரத்தில் இருந்துகொண்டு ஆயுசு முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளத்தான் செய்யும். கை அவ்வளவு சுத்தம் என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். புளியந்தோப்பு வரதன் கொட்டகைக்கு நடந்து வந்தான். சுயம்பு அண்ணாச்சியின் உப்பு லாரிக்கு டிரைவர் அவன். எண்ணூர் உப்பளத்தில் மூட்டை ஏற்றி ராயபுரம் கிடங்கில் கொண்டுவந்து இறக்குவது வேலை. லாரி இல்லாமல் வரதன் நடந்து வந்து பாய் பார்த்ததே இல்லை.

"லைசன்ஸப் புடுங்கிக்கினாங்க பாய்" என்றான்.

நடந்தது இதுதான். முந்தின வாரம் ஒரு ராத்திரி மூட்டையோடு வரும்போது திருவொற்றியூரில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வரதன் லாரியை நிறுத்தினான். பின்னால் சைக்கிளில் வந்த லோகநாதன் என்கிற ஆலைத் தொழிலாளி, இருட்டில் லாரி நிற்பதே தெரியாமல் நேராக வந்து மோதிவிட்டான். கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். லாரியின் டெயில் லைட் எரியவில்லை.

மறுநாள் காலையில் கிடங்கில் மூட்டை இறக்கின பிறகு மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். விளக்கு ஜோராக எரிந்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? டிரைவர்தான் அணைத்து வைத்திருக்கிறான். அது பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த பழைய லாரி. இருட்டடிப்புக் காலத்தில் பின்விளக்குக்கென்று வைத்த தனிச் சுவிட்சு அப்படியே இருந்தது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று அதை அணைத்துவிட்டு ஓட்டுகிற டிரைவர்களை இன்ஸ்பெக்டர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற திங்கட்கிழமைக்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் ரத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வரதனுக்கு வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நெஜத்தச் சொல்லு. நீதான ஆஃப் பண்ண?"

"இல்ல பாய். உப்பளத்தாண்ட எறங்கிப் பின்னால போயி என் கண்ணால பாத்தேன். எரிஞ்சிகினு இருந்துச்சு."

பாய் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வரதன் இதே சுவிட்சை அணைத்து ஓட்டியதைக் கையும் களவுமாகப் பிடித்து, நடுத்தெருவில் வைத்து நாறடித்தவர் அவர். "நீ சொல்றது கெடக்கட்டும், விளக்கு என்னா சொல்லுதுன்னு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சாமான் பையைத் தோளில் மாட்டினார். வரதன் கூடவே நடந்தான்.

கிடங்கு முற்றத்தில் லாரி வெறுமனே நின்றது. பாய் கீழே நுழைந்து படுத்தார். பல்பைக் கழற்றிப் பார்த்தார், நல்ல பல்பு. ஹோல்டர் சுத்தம். வயரை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தார், ஒரு வெட்டு கிடையாது. சுவிட்சை ஐம்பது தடவை போட்டு அணைத்தார். விளக்கை உலுக்கினார், தட்டினார், வாயில் வந்தபடி திட்டினார். அசையவில்லை, எரிந்துகொண்டே இருந்தது. வெயிலில் வெளிச்சம் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு கோணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அரைமணி நேரம் அதையே பார்த்தார். வேறொருவராக இருந்தால், டிரைவர் பொய் சொல்கிறான் என்று பையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். பாய் கிளம்பவில்லை. ராத்திரி எரியாத விளக்கு பகலில் எரிகிறதென்றால், ராத்திரி இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அது என்னவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

கோணியை விலக்கிவிட்டு வெளியே வந்தார். "வரதா, அன்னிக்கு உப்பளத்துல இன்னா இன்னா நடந்துச்சோ, ஒண்ணு வுடாம இங்க செய்யி."

"மூட்டை ஏத்துனாங்க பாய்."

"அப்ப ஏத்து."

சுயம்பு அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. இறக்கிய உப்பை மறுபடி ஏற்றுவதா? தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே வியாபாரம் செய்கிறவர். கணக்கில்லாத காரியம் அவருக்கு ஆகாது. "பாய், என்ன சொல்லுதிய, ஆளுவளுக்கு வேற சோலி இல்லியா?" என்றார். பாய் திரும்பிப் பார்த்த பார்வையில் அவரே போய் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார்.

பாரம் ஏறினால் லாரி அமுங்கும், எங்காவது வயர் நசுங்கும் என்றுதான் பாயும் நினைத்தார். நாற்பது மூட்டை ஏறியது, அறுபது ஏறியது. ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி லாரி நன்றாக இறங்கிவிட்டது. கோணிக்குள்ளிருந்து பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவருக்கே மனசு விட்டுப்போயிற்று.

மூட்டைக்காரர்கள் வழக்கப்படி, தொங்கிக்கொண்டிருந்த பின்பலகையைத் தூக்கிச் சாத்திச் சங்கிலியை மாட்டினார்கள். போகலாம் என்பதற்கு அடையாளமாகப் பலகையில் ஒரு தட்டு தட்டினார்கள். விளக்கு அணைந்தது.

"எறக்கு" என்று கோணிக்குள்ளிருந்து குரல் வந்தது. பலகையை இறக்கினார்கள். விளக்கு எரிந்தது. "ஏத்து." அணைந்தது. ஏழெட்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னார். மூட்டைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவது ஒரே ஒரு வயர். மின்சாரம் திரும்பி வருகிற வழி லாரியின் இரும்பு. விளக்கின் தகரக்கூடு அதைத் தாங்குகிற பிராக்கெட்டைத் தொட வேண்டும், பிராக்கெட் லாரிச் சட்டத்தைத் தொட வேண்டும். இந்த லாரியில் அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது. ஆனால் பலகை கீழே தொங்கும்போது அதன் இரும்புப் பட்டை விளக்கின் கூட்டில் போய் இடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டை வழியாக மின்சாரம் திரும்பிப் போய் விளக்கு எரியும். பலகையைத் தூக்கினால் அந்த வழியும் போய்விடும். வெறும் லாரி எப்போதும் பலகையைத் தொங்கவிட்டுத்தான் நிற்கும், உப்புத் தண்ணீர் வடிவதற்காக. வரதன் உப்பளத்தில் பார்த்தபோதும் பலகை தொங்கிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் பார்த்தபோதும் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையைச் சாத்தின பிறகு டிரைவர் இறங்கிப் பார்க்கிற வழக்கம் உப்பு லாரிகளில் கிடையாது, தட்டு விழுந்தால் கிளம்பிவிடுவான். வரதன் சொன்னது அத்தனையும் நிஜம்.

பாய் ஸ்பேனரை எடுத்துப் பிராக்கெட்டைக் கொஞ்சம் தளர்த்தினார், வழி எங்கே அடைபட்டது என்று பார்க்க. உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். போல்ட்டு உட்காருகிற இடத்திலும் பச்சை. தேய்க்காமல் மாட்டியிருந்தது.

மாட்டியது அவர்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் அது. உப்பு ஏற்றுகிற லாரிகள் எல்லாம் புதுப் பெயிண்ட் அடித்து வரிசையாக நின்றன. பெயிண்டர்கள் கழற்றி வைத்த விளக்குகளை எல்லாம் அவர்தான் மாட்ட வேண்டும். உப்புத்தாளை எடுத்தபோது பெயிண்டர்களும் டிரைவர்களும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூஜைக்கு நிற்கிற வண்டியில் கீறல் விழலாமா பாய், பொட்டு வைக்கிறதுக்கு முன்னால் சுரண்டினால் ஆகாது, பூஜை முடிந்து வந்து தேய்த்துக்கொள் என்றார்கள். ஊரையே திட்டுகிற மனுஷன் அன்றைக்குச் சாமி விஷயம் என்று வாயை மூடிக்கொண்டார். தேய்க்காமல் மாட்டினார். போட்டுப் பார்த்தார், எல்லாம் எரிந்தது. எல்லா லாரியும் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. பூஜை முடிந்தது, பொரி கடலை தின்றார், மறந்துபோனார். ஒன்று இல்லை, ஒன்பது லாரி.

தளர்த்திய போல்ட்டை இருந்தபடியே முடுக்கிவிட்டுப் பாய் மெல்ல எழுந்தார். முகத்தைப் பார்த்தே சுயம்பு அண்ணாச்சி புரிந்துகொண்டார். நல்ல மனுஷன். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"உப்பு அரிச்சிட்டுன்னு சொல்லிருவோம் பாய். உப்பு லாரிதான, எவன் கேக்கப் போறான்? தேச்சு மாட்டிட்டுப் போங்க. ஒங்க பேரு எதுக்கு இதுல?"

பாய் பயந்தார் என்றே சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துப் பேர். ஒருத்தன் கால் முறிந்து கிடக்கிறான், கேஸ் தன்மேல் திரும்பலாம். இனி எந்த லாரி கொட்டகை வாசலில் நிற்கும்? மூன்று பெண்பிள்ளைகள் வீட்டில். தேய்த்து மாட்ட ஐந்து நிமிஷம் போதும்.

"உப்பு அரிச்சா, அதப் பாக்க வேண்டியது டிரைவர் வேலைம்பாங்க அண்ணாச்சி" என்றார் கடைசியில். "மறுபடி வரதன் தலையிலதான் வந்து வுடியும். இப்ப இத நான் தேச்சிட்டா, அவன் சொன்னது நெஜம்னு காட்ட ஒண்ணுமே கெடையாது. திங்கக்கெழமை வரைக்கும் இந்த வண்டிய யாரும் தொடக்கூடாது. மிச்ச எட்டு வண்டியும் அதுவரைக்கும் ராத்திரில ஓடக்கூடாதுன்னு சொல்லியனுப்புங்க."

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பாய் பலகையை ஏற்றிக் காட்டினார், இறக்கிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் நம்பாமல் தானே கோணிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு பாய் பிராக்கெட்டைக் கழற்றிப் பச்சைப் பெயிண்டைக் காட்டினார்.

"இதை மாட்டினது யார்?"

"நான்தான் சார். தேய்க்காம மாட்டினேன். தேய்க்கணும்னு தெரிஞ்சே மாட்டினேன்."

அவர் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் எழுதினார். பாய் கையெழுத்துப் போட்டார். மேலே அனுப்புவேன், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். வரேன் என்றார் பாய். லைசன்ஸ் வரதன் கைக்குத் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் போன பிறகு பாய் பிராக்கெட்டைப் பளபளவென்று தேய்த்து, மாட்டி, பலகையைத் தூக்கிச் சாத்தி, விளக்கு எரிவதைப் பார்த்தார். பிறகு வரதனிடம் வந்து நின்றார். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தார். பத்து நாளாக வேலை இல்லை அவனுக்கு, ஊரெல்லாம் பொய்யன் என்றது.

"என்னால வந்த வினை வரதா. இன்னா சொல்லணுமோ சொல்லிடு."

வரதன் லைசன்ஸைத் துணியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நீ தேய்க்காம வுட்டது எனக்கு வலிக்கல பாய். எரிஞ்சிகினு இருந்துச்சுன்னு நான் சொன்னப்ப நீகூட நம்பல பாரு, அதான் வலிச்சுது."

பாய் சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எங்க போற?"

"இன்னும் எட்டு வண்டி கீது. ஒவ்வொண்ணா தேடிப் போய்த் தேய்க்கணும். இருட்டுறதுக்குள்ள எத்தினி கெடைக்குதோ. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த லோகநாதன் கிட்டயும் சொல்லணும்."

"நடந்தா போற?"

பாய் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். முற்றத்து வாசல் தாண்டுவதற்குள் பின்னால் லாரி புறப்படுகிற சத்தம் கேட்டது. வரதன் அண்ணாச்சியைக் கேட்கவும் இல்லை, மூட்டை இறக்க ஆள் கூப்பிடவும் இல்லை. அறுபது மூட்டை உப்போடு லாரியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ரெண்டு வண்டி சாத்தாங்காட்டுல நிக்குது, மூணு எண்ணூர்ல" என்றான். "மிச்சம் எங்கன்னு எனக்குத் தெரியும். ஏறு பாய்."