குணா சாரின் நம்பர்

அன்று திங்கட்கிழமை பத்து மணிக்கு நம் கம்பெனியில் சைரன் ஊதவில்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இத்தனை வருடம் வேலை பார்த்த நமக்கு, ஏதோ சரியில்லை என்று தெரிய அது ஒன்றே போதுமானதாக இருந்தது. வாரம் தவறாமல் அந்த சைரனைத் தன் கையால் ஊதிச் சோதிக்கிறவர் நம் பாதுகாப்பு அதிகாரி குணசேகரன். கேட்டிலிருந்து மஞ்சுநாத் போன் செய்தான். "மேடம், குணா சார் இன்னூ பந்தில்லா." இன்னும் வரவில்லையாம். நான் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி சாந்தி அக்கா எடுத்தார். ஷூ போடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நாம் கேலி செய்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஸ்டோர்ஸில் உட்கார்ந்துகொண்டு அதிகம் சிரித்தவளே நான்தான். ரசாயனத் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் இணையதளத்தைத் திறக்காமல் அவருக்கு வாரம் தொடங்காது. புதிதாக ஏதாவது போட்டிருந்தால் பிரிண்ட் எடுத்து, கீழே ஸ்கெட்ச் பேனாவால் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கம் எழுதி, கேன்டீனில் கை கழுவும் இடத்தில் ஒட்டுவார். "குணா சார் பேப்பர் போட்டாச்சு" என்போம். சாம்பார் கையோடு பாதியைப் படிப்போம், மீதியை விட்டுவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை உங்களில் பலருக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் என் மேஜை போனுக்கு ஓர் ஆள் பேசினான். அரசாங்க அலுவலகமாம், ஏதோ கணக்கெடுப்பாம். நல்ல மரியாதையான தமிழ். குளோரின் சிலிண்டர் எத்தனை, எந்தப் பக்கத்துக் கொட்டகை, சாவி யாரிடம், ஷிஃப்ட் எப்போது மாறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஃபைலைப் புரட்டி அத்தனையும் சொன்னேன். "ரொம்ப உதவியா இருந்தீங்கம்மா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ குடிக்கும்போது அதை குணா சாரிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மேரிம்மா, சாவி யாருகிட்டன்னும் சொல்லிட்டீங்களா?"

"கேட்டாங்க சார், சொன்னேன்."

அவர் என் மேஜைக்கு வந்து, சுவரில் நான் மாட்டியிருந்த சர்ச் காலண்டரைத் தூக்கினார். அடியில் அவர் ஒட்டிய தாள் இருந்தது. போனில் யார் கேட்டாலும் சரக்கு விவரம் சொல்லாதே, பெயரை வாங்கிக்கொண்டு வை, தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிட்டுக் கேள் என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அதன் மேல்தான் நான் ஆணி அடித்து மாதாவை மாட்டியிருந்தேன்.

அந்த எண்ணுக்கு அவர் பேசினார். அப்படி ஒரு கணக்கெடுப்பே இல்லை என்றார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார், பூட்டுகளை மாற்றினார், மூன்று நாள் கேட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பேசியவன் யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. இப்போதும் மேஜை போன் அடித்தால் எனக்குத் தூக்கிப்போடுகிறது. காலண்டரைப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாதா நம்ம எல்லாரையும் பாத்துப்பாங்க. இந்தக் காயிதத்த நாமதான் பாத்துக்கணும்."

கை நடுங்குகிறவனிடம்தான் கொட்டகைச் சாவியைக் கொடுப்பேன் என்பார். "நடுங்கலன்னா அவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியலன்னு அர்த்தம்."

அவர் போன பதினோராம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வேறு ஆள் வரும்வரை அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திறந்தேன். விபத்து நடந்தால் அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் குணசேகரன் என்று இருந்தது. அவர் சொந்த நம்பர். கூப்பிட்டுப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. பத்து நாளாக அந்தக் கொட்டகைக்கு ஏதாவது ஆகியிருந்தால் தீயணைப்புக்காரர்கள் செத்துப்போன மனிதரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பத்து நாளும் நாம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். மாற்றலாம் என்று பார்த்தால், அதற்கான ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் போகுமாம்.

பஸ் பிடித்து அத்திபெலேயில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சாந்தி அக்கா பீரோவிலிருந்து போனை எடுத்து சார்ஜில் போட்டார். அதற்கு உயிர் வந்ததும் என் போனில் தளத்தைத் திறந்து ஓடிபி கேட்டேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். கடைசி எண்ணில் நிறுத்திவிட்டார்.

"இத சொல்லிட்டா அவரு பேரு போயிடுமா மேரி?"

"போயிடும் அக்கா."

"பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சீங்களே. இனிமே உங்களுக்காக யாரு பயப்படுவாங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கடைசி எண்ணைச் சொன்னார். குணா சார் பெயரை அழித்துவிட்டு என் பெயரையும் நம்பரையும் போட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான். நேற்று திங்கட்கிழமை பத்து மணிக்கு நீங்கள் கேட்ட சைரன் நான் ஊதியது. சற்று விட்டுவிட்டு ஒலித்ததே ஏன் என்று கேட்டீர்கள். கை நடுங்கியது.