மெட்டு கெட்டிய கதை

திருவனந்தபுரத்தில் பசுவைக் கெட்டுகிறார்கள், பூவைக் கெட்டுகிறார்கள், கலியாணம்கூடக் கெட்டுகிறார்கள். ஊரிலிருந்து படிப்பவர்கள் பதற வேண்டாம். நாம் கட்டுவதைத்தான் மலையாளத்தில் கெட்டுவது என்பார்கள். தஞ்சாவூரிலிருந்து நான் குடித்தனம் வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு நல்ல மனுஷியோடு ஆறு நாள் பேசாமல் இருந்தேன்.

பிறந்த வீட்டிலிருந்து நான் பெருமையோடு கொண்டுவந்த பொருள் சிதார் ஒன்றுதான். தஞ்சாவூரில் எங்கள் தெரு மராட்டியர் வீடுகளில் அது சகஜம். ஐந்து வருஷம் பாடம் கேட்டு விரல் நுனி காய்த்துப்போனவள் நான். இங்கே கோட்டைக்குள் எங்கள் தெருவிலோ அதை வழிதவறி வந்த வீணையைப் போலப் பார்த்தார்கள். மாமியாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் என் கணவர் தீர்ப்புச் சொன்னார்.

"கொலுவிலே ஒருநாள் வாசி. நாலு பேர் நன்னாருக்குன்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா தஞ்சாவூருக்கே அனுப்பிடலாம்."

நவராத்திரி முதல் நாள் பக்கத்து வீட்டுப் பார்கவியம்மா வந்தார். வீணை வாசிப்பவர். மாமியார் தாம்பூலம் எடுக்க உள்ளே போயிருந்தார். பார்கவியம்மா சிதாரின் தண்டில் குறுக்கே வரிசையாக இருக்கும் மெட்டுக் கம்பிகளைக் குனிந்து பார்த்து, "மெட்டொக்கெ கெட்டியதாணு, அல்லே?" என்றார். மெட்டெல்லாம் கெட்டுவிட்டதாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஒண்ணும் கெடலை" என்று சொல்லி உறையைப் போட்டு மூடினேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

ஏழாம் நாள் நான் வாசிப்பதாக ஏற்பாடு. மறுநாள், புத்தகத்தையும் வாத்தியத்தையும் சரஸ்வதி முன் வைக்கும் பூஜை வைப்பு. வைத்த வாத்தியத்தை விஜயதசமிவரை தொடக்கூடாது. ஏழாம் நாள் பிற்பகல், மழை ஈரத்தில் இற்றுப்போயிருந்த நூல் அறுந்து நடு மெட்டு ஒன்று மடியில் விழுந்தது. கைவசம் வேறு நூல் இல்லை. நான் அழுவது கேட்டுப் பார்கவியம்மாவே நூல்கண்டோடு வந்தார்.

"கரயண்ட மோளே, ஞான் கெட்டித் தராம்."

அழ வேண்டாமென்று சொல்லிக்கொண்டே மெட்டை அதன் இடத்தில் வைத்து நூலைச் சுற்றி இறுக்கினார். "வீணயில் மெட்டு மெழுகில் உறச்சிருக்கும். இது நூலில் கெட்டியதல்லே? அதுதான் அன்னு கேட்டது" என்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மாலையில் யமுனா கல்யாணி வாசித்தேன். மாமியார் சுண்டல் விநியோகத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முடிந்ததும், "இன்னொண்ணு வாசி" என்றார். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, அன்று நான் பிரமாதமாக வாசித்தேன். சிதார் இங்கேயே தங்கிவிட்டது.

போன வாரம் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஏதோ நினைவில், "சிதாரில் மெட்டெல்லாம் புதிதாகக் கெட்டியாச்சு" என்று எழுதிவிட்டேன். "கெட்டுப்போச்சுன்னா உடனே இங்கே அனுப்பு, சரிபண்ணச் சொல்றேன்" என்று பதறிப் பதில் போட்டிருக்கிறாள். கெடவில்லை, கட்டியிருக்கிறேன் என்று விளக்கமாக எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், இரண்டு இடத்தில் மறுபடியும் கெட்டியிருந்தேன்.