இருபது மகிழ்ச்சியாளர்களும் ஒரு நாற்காலியும்

நாற்பத்திரண்டு வயதில் மனித மனத்தைப் படிக்கப் புறப்பட்டேன். மனிதர்கள் மேல் அக்கறை பொங்கியதால் அல்ல, முழங்கால் வலித்ததால். பதுளையிலிருந்து பஸ் ஏறி, நமுனுகுல மலைச்சரிவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் ஏறினால் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை வரும். பதினாறு வருடமாக அந்த மலையை ஏறியிறங்கியதில் மலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாட்களில்தான், அதாவது இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் கழித்து, பதுளையில் ஓர் அலுவலகத்தில் உளவளத்துணை ஆலோசகர் என்ற பதவி வரப்போவதாகச் செய்தி வந்தது. உளவியலில் ஏதாவது ஒரு சான்றிதழ் வைத்திருக்கும் ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். ஆலோசகருக்கு ஒரு மேசை, தலைக்கு மேல் காற்றாடி, சுழலும் நாற்காலி. மனம் உடைந்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். பதினைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் சிரிக்கக்கூட இல்லை.

"மனுசங்களையே புடிக்காத ஆளு, மனசப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?"

டாக்டர்மார் கிருமிகளை நேசித்தா வைத்தியம் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

கடல் கடந்த ஒரு கல்லூரி, 'உளவியலுக்கு ஓர் அறிமுகம்' என்ற பாடத்தை இணையத்தில் நடத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வாரம். முடித்தால் சான்றிதழ். வீட்டில் கணினி இல்லாததால், பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கம்யூனிகேஷன் கடைதான் என் பல்கலைக்கழகமானது. மூன்று கணினிகள், ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், மரப்பலகையால் அடைத்த ஒரு தொலைபேசிக் கூண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. யாராவது கூண்டுக்குள் போய் எண்ணைச் சுழற்றினால் என் கல்லூரி அறுந்துவிடும்.

முதல் வாரம் மாணவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் பூனைகளின் படங்களைப் போட்டிருந்தார். இன்னொருவர் தான் ஒரு கூச்ச சுபாவி என்பதைப் பதினெட்டுப் பத்திகளில் விளக்கியிருந்தார். பதுளையில் இருக்கிறேன் என்று நான் எழுதினேன். அது பாலித் தீவுக்குப் பக்கமா என்று ஒரு பெண்மணி அன்போடு கேட்டார். ஆமாம், அடுத்த பஸ் நிறுத்தம் என்று எழுத நினைத்தேன். மதிப்பெண் போய்விடுமோ என்று பயந்து எழுதவில்லை.

பாடப்புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று மூன்றாம் வாரத்தில் தெரிந்துவிட்டது. 'உங்கள் சிறுவயதுப் படுக்கையறையை நினைவுகூருங்கள். அந்தத் தனிமை உங்களுக்கு என்ன உணர்வைத் தந்தது?' என்று கேட்டிருந்தது. நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில். அதில் எட்டுப் பேர் இருந்தோம், மழைக்காலத்தில் ஓர் ஆடும் சேர்ந்துகொள்ளும். தனிமை என்பதை நான் முதலில் ஓர் அகராதியில்தான் சந்தித்தேன். மனிதனுக்கு மனிதன் விட வேண்டிய இடைவெளி பற்றிய அத்தியாயத்தைப் பஸ்ஸின் மிதிபலகையில் நின்றபடி, என் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க, வாசித்து முடித்தேன். மணியடித்தால் எச்சில் ஊறும் நாயைக் கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞானி பல வருடம் செலவழித்தாராம். விடிகாலைச் சங்கு ஊதியதும் கண்ணைத் திறக்காமலே கொழுந்துக் கூடையைத் தேடும் கைகளை ஒரே ஒரு நாள் எங்கள் லயத்துக்கு வந்து பார்த்திருந்தால், நாய்களாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

பற்றுதல் என்ற பாடத்துக்கு இருபது நிமிடப் பரீட்சை. பன்னிரண்டாவது நிமிடத்தில், மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒருவர் கூண்டுக்குள் போனார். அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் கால் மணி நேரம் பேச அனுமதியாம். என் பரீட்சை இருண்டது. சின்ன மகளுக்குப் பல் விழுந்ததை அவர் குவைத்துவரை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். பற்றுதலில் எனக்கு ஐம்பத்தெட்டு மதிப்பெண்.

ஆனாலும் தாக்குப்பிடித்தேன். நாற்காலி பெரிய சக்தி. மிஞ்சியிருந்தது கடைசிப் பணி. இருபது பேரிடம் ஒரு கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்கி, அவர்களின் மனநிலையை ஆராய்ந்து, ஒரு வரைபடம் போட்டு அனுப்ப வேண்டும். பாதி மதிப்பெண் இதற்குத்தான். படிவத்தை நானே தமிழாக்கினேன். 'இப்போது வாழும் இடத்தில் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்பது முதல் வாசகம். அடுத்தது 'எனக்கு அடிக்கடி கவலை ஏற்படுகிறது.' இப்படிப் பத்து வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மிகவும் ஆம்' என்பதிலிருந்து 'இல்லவே இல்லை' வரை ஐந்து கட்டங்கள். அடியில் சம்மதக் கையெழுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவங்களைத் தூக்கிக்கொண்டு நான் பிறந்த தோட்டத்துக்கே போனேன். முதல் லயத்தில் இருந்தவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எத்தனை பிரதி வேணும் என்று கேட்டார். அவர் மனைவி உள்ளே போய்ப் பிறப்புச் சான்றிதழ்களையும் இரண்டு ஃபோட்டோக்களையும் கொண்டுவந்து வைத்தாள். அதெல்லாம் தேவையில்லை என்றதும் இருவர் முகத்திலும் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில், ஃபோட்டோ கேட்காத படிவம்தான் ஆபத்தான படிவம்.

அவர்கள் மகிழ்ச்சிக்கு நேரே 'மிகவும் ஆம்' என்று போட்டார்கள். கவலைக்கு நேரே 'இல்லவே இல்லை.' இரண்டாவது வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டுக் கூரை போன மாதக் காற்றில் பாதி போயிருந்தது. அந்த வீட்டுக்காரரும் வாழும் இடத்தில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். நான் மேல் லயத்தை முடிப்பதற்குள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சு பரவிவிட்டது. கீழ் லயத்துக்கு எனக்கு முன்பே பதில்கள் போய்ச் சேர்ந்திருந்தன. "நல்லா அழுத்திப் போடுங்க சேர்" என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். அழியாமல் இருக்க வேண்டுமாம்.

இருபதாவது ஆள், என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர். நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அவரிடமாவது உண்மையைப் பிடுங்கிவிடலாம் என்று, உண்மையாச் சொல்லுங்க என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இதே மாதிரி பேப்பர் முந்தியும் வந்திச்சு. இங்க இருக்கியா, இந்தியாவுக்குப் போறியான்னு. எங்கண்ணனுக்கு அன்னிக்குன்னு பாத்து கங்காணியோட சண்டை. இங்க புடிக்கல, போறேன்னு எழுதச் சொல்லிட்டாரு. கோவம் மறுநாளே தீந்திருச்சு. பேப்பர் தீரலையே. ரெண்டு வருசத்துல கப்பல் ஏத்திட்டாங்க. இப்ப நீலகிரிப் பக்கம் எங்கயோ இருக்காராம்."

இது அந்தப் பேப்பர் இல்லை, என் படிப்புக்காக என்று விளக்கினேன்.

"அன்னிக்கும் ஒரு மாஸ்டர்தான் எழுதிக் குடுத்தாரு" என்றார் சின்னம்மா. பிறகு பேனாவை வாங்கி, மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கோடு போட்டார்.

மலையிறங்கும்போது என் பையில் உலகத்தின் மிக மகிழ்ச்சியான இருபது பேர் இருந்தார்கள்.

அப்படியே அனுப்பினேன். என் விரிவுரையாளர், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் இருந்த மரியாதையான பெண்மணி, நான்கு நாளில் பதில் எழுதினார். இருபது மனிதர்கள் பத்துக் கேள்விக்கு அச்சடித்தாற்போல் ஒரே விதமாகப் பதில் சொன்னதைத் தாம் பார்த்ததே இல்லை, இத்தரவுகள் உண்மையானவையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, திருத்தி அனுப்ப ஒரு வாரம் தருகிறேன் என்பது சாரம். நாசூக்காகச் சொன்னால் 'கள்ளன்.'

எனக்கு ரோஷம் வந்தது. கடையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். எங்கள் மக்களிடம் ஒரு காகிதம் இதே கேள்வியைக் கேட்டு, வாங்கிய பதிலை வைத்து அண்ணனை ஒரு கரையிலும் தங்கையை மறு கரையிலும் போட்டதை எழுதினேன். ஆகவே அவர்கள் நிரப்பியது கேள்வித்தாளை அல்ல, தங்கள் பயத்தை என்றும், அந்த இருபது ஒரே மாதிரிப் பதில்தான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு என்றும் எழுதினேன். இலக்கணப் பிழைகளோடு கூடிய அந்த நான்கு பக்க ஆங்கிலம்தான் என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் உருப்படியானது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், அதை அனுப்பிவிட்டு மனித மனத்தை முதன்முறையாகப் புரிந்துகொண்டவன் போல, பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்தேன்.

பதில் மறுநாளே வந்தது. மிகவும் சுவாரஸ்யமான பின்னணி, பகிர்ந்ததற்கு நன்றி, ஆனால் இது வினாவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, வரைபடத்தை வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன்.

பதவிக்கான விண்ணப்பம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. வியாழக்கிழமை கடைக்குப் போய், இருபது வெற்றுப் படிவங்களை எடுத்துவைத்து, கடவுள் வேலையை ஆரம்பித்தேன். யாருக்கு எவ்வளவு துக்கம் என்று ஒதுக்கினேன். எத்தனை பிரதி வேணும் என்று கேட்டவருக்குப் பதற்றம் கொடுத்தேன். சிறுவயதில் என்னை ஒருமுறை அறைந்தவருக்குக் கடுமையான மனச்சோர்வு. கூரை போனவருக்கு, எதுவும் சந்தேகப்படும்படி இருக்கக்கூடாது என்பதற்காக, மிதமான மகிழ்ச்சி. சின்னம்மாவின் வரிசைக்கு வந்தபோது மட்டும் கை நின்றது. கடைசியில் 'ஓரளவு' என்று போட்டேன். ஐந்து கட்டங்களில் நடுக்கட்டம் கோழைகளுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. வரைபடம் இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் உயர்ந்து, தூரத்திலிருந்து பார்க்கும் நமுனுகுல மலை போல லட்சணமாக வந்தது.

விரிவுரையாளர் பூரித்துப்போனார். மனிதர்களின் இயல்பான வேறுபாடுகளை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறேனாம். சான்றிதழில் 'அதியுயர் சித்தி', அதாவது முதல்தரத் தேர்ச்சி.

நேர்முகத்துக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களை விசாரித்த பெரிய அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் இருபது வருடம் உத்தியோகம் பார்த்தும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். சான்றிதழைத் தள்ளிவைத்துவிட்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது நீங்களே செய்ததோ, மாஸ்டர்?"

"நானேதான் செய்தேன், சேர்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை.

"தோட்டத்துச் சனம் வெளியாக்களிட்ட வாய் திறக்காது எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. உங்களிட்ட மனம் விட்டுக் கதைச்சிருக்கினமே. எத்தினை பேர் கவலை எண்டு ஒத்துக்கொண்டிருக்கினம்."

தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு, பதவி எனக்கே என்றார். காற்றாடியின் காற்று என் நெற்றியில் படுவதை நான் உணர்ந்தேன். அப்போது அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். இது ஊவா மாகாணத்தின் வரைபடம்.

அலுவலகத்தில் இருந்து செய்யும் வேலைக்கு, டவுன் பாடசாலையில் இருந்து வந்த மிஸ் போதும் என்று முடிவாகியிருந்தது. அவர் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றில் சான்றிதழ் வாங்கியவர். ஆனால் தோட்டப் பாடசாலைகளுக்கு நேரில் போகத்தான் இத்தனை நாளும் தகுதியான ஆள் கிடைக்கவில்லையாம். திங்கள் லுணுகலைப் பக்கம், செவ்வாய் நமுனுகுல, புதனும் வியாழனும் பூனாகலைப் பக்கம். ஒவ்வொரு தோட்டத்திலும் லயங்களுக்கும் போய், மாதம் ஓர் அறிக்கை தரவேண்டும்.

"நீங்கள் போனால் சனம் கதைக்கும். உங்களை விட்டா எங்களுக்கு வேற ஆள் இல்லை."

வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இருபது பேரின் கவலையையும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நானே தயாரித்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பேனா நீண்டது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். அலுவலகத்தில் மனுசங்களைச் சரியா எடைபோடுறாங்க என்றாள்.

திங்கட்கிழமை லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூறிக்கொண்டிருந்தது. கடை வாசலில் சாக்கைப் போர்த்தி நின்றவரிடம், தோட்டப் பாடசாலைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முழங்காலைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி மேகத்துக்குள் காட்டினார்.

"மேல, சேர். மூணு மைலு இருக்கும். ரோட்டு பாதியோட நின்னுரும்."