சுத்தம் என்று சொன்ன மூக்கு

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பிரசவ அறையில் வழக்கமான கேள்வி வந்தது.

"மூக்கக்கா, எப்படி?"

"சுத்தம்" என்றார் அவர்.

சிஸ்டர் தாளில் எழுதினார்: பனிக்குட நீர் தெளிவு, துர்நாற்றம் இல்லை. நாலு விநாடி வேலை. அடுத்த இரண்டரை மணி நேரம் அந்த நாலு விநாடிதான் மூக்கக்காவை ஓரிடத்தில் நிற்கவிடாமல் விரட்டியது.

மூக்கக்காவுக்கு வயது நாற்பத்தேழு. பிரசவ அறை உதவியாளர். முன்பு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் சரக்கு தீய்வதை மேற்பார்வையாளருக்கு முன்பே முகர்ந்து சொல்லிவிடுவாராம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இந்த மருத்துவமனைக்கு வந்தபோது மூக்கும் கூடவே வந்தது. ஒரு தாய்க்குப் பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டினால் போதும். "சிஸ்டர், இது சரியில்ல, டாக்டரைக் கூப்பிடுங்க" என்பார். முதல் வருடம் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் எழுதுவதில்லை. மற்றவர்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு நிற்க, இவர் மட்டும் அதை இறக்கி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ஏற்றிக்கொள்வார். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் அந்த அறையில் வேலை அப்படித்தான் நடந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போனது, வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. ஃபினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாலும் வெறும் காற்றுதான். வீட்டில் பால் பாத்திரம் கருகிப் புகை கண்ணை எரித்த பிறகே அடுப்பை அணைத்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் கணவர், பேருந்துப் பணிமனை மெக்கானிக்.

"சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"என்னன்னு? மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சுன்னா?"

"மூக்கு ஆனா நீயும் ஆகணுமா? கை கால் இருக்குல்ல. என் வண்டியில ஹார்ன் போனா வண்டியவா தூக்கிப் போடறேன்?"

மூக்கக்கா சிரித்தார், மருத்துவமனையில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் மூக்கு. பச்சையாகவோ ரத்தமாகவோ வரும் தண்ணீர் கண்ணுக்கே தெரியும். அப்போது சரியாகச் சொல்லிவிடுவார். மற்ற நாள் எல்லாம் "சுத்தம்". எட்டு மாதம் ஓடிவிட்டது.

அன்றைக்கு நாலாம் கட்டிலில் இருந்தவர் ஒரு டிக்கெட் கவுன்டர் ஊழியர். முதல் பிரசவம், முப்பத்திரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. காய்ச்சல் இல்லை. பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நன்றாகவே அழுதது. மேல்மாடியில் இருக்கும் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துப் போனார்கள். பிரசவம் பார்த்த டாக்டர், பக்கத்துக் கட்டிலில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அங்கே ஓடினார். சிஸ்டர் கேட்டார், இவர் சொன்னார்.

சொன்ன பிறகுதான் நஞ்சுக்கொடியைத் தூக்கினார். அதோடு ஒட்டி வரும் பனிக்குடச் சவ்வு மெல்லியதாக, பளபளப்பாக இருக்கும். அதன் வழியாகத் தட்டின் கீறலைக்கூடப் பார்க்கலாம். இது ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கி, லேசாக மஞ்சள் அடித்திருந்தது. விரலில் பட்டதும் கிழிந்தது. பத்தொன்பது வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்தவர். மூக்கு இருந்திருந்தால் பார்க்கும் முன்பே தெரிந்திருக்கும்.

வாயைத் திறந்தார். இப்போதுதானே சுத்தம் என்றீர்கள் என்று கேட்டால்? வாயை மூடிக்கொண்டு, நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். 'நல்லாத்தானே அழுதுச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துடைத்த இடத்தையே மூன்று முறை துடைத்தார். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். பத்து மணிக்கு, யாரும் கேட்காத துண்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை டாக்டர், தன் பிரிவு சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல, தண்ணி சுத்தம்னு எழுதியிருக்காங்க. ரத்த ரிசல்ட் சாயங்காலம் வரட்டும். அதுவரைக்கும் கிருமி மருந்து வேணாம்."

கீழே தான் சொன்ன வார்த்தை தனக்கு முன்னால் மாடி ஏறிவிட்டிருந்தது. துண்டுகளை வைத்துவிட்டு இறங்கினார். மறுபடி ஏறினார். குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினார். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. அடுத்த முறை போனபோது ஐம்பத்தாறு. சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வந்தது.

நடைக்கூடத்தில் அந்தத் தாயின் மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வாளி தூக்காதே, தூக்காதேன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? இப்ப பாரு."

பதினொன்றரைக்குக் கழிவு லாரியின் ஹார்ன் கேட்டது. மஞ்சள் பைகள் போனால் எரிஉலைதான். மூக்கக்கா படியில் இறங்கவில்லை, விழாமல் வந்து சேர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கழிவுக் கிடங்குக்காரர் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். "என்ன மூக்கு, இந்த ஓட்டம்? லாரியில சுற்றுலா போறியா?"

"நாலாம் கட்டில், ஒன்பது பத்து. அந்தப் பையை எடு."

"கட்டின பையை அவிழ்க்கக் கூடாதுன்னு எனக்குப் பாடம் நடத்தினவளே நீதானே!"

"அதே வாத்தியார்தான் சொல்றேன். எடுய்யா!"

அவர் முகத்தைப் பார்த்ததும் கிடங்குக்காரர் கிண்டலை நிறுத்தினார். இருவரும் பைகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஏழாவது பை.

நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்துக் குழந்தை டாக்டர் முன்னால் நீட்டியபோது மூக்கக்காவுக்கு மூச்சு வாங்கியது. "டாக்டரம்மா, தண்ணி சுத்தம்னு நான்தான் சொன்னேன். அது பொய். எனக்கு எட்டு மாசமா வாசனையே தெரியல. இந்தச் சவ்வைப் பாருங்க."

டாக்டர் குனிந்து பார்த்தார். முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தார். உடனே நிமிர்ந்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"அப்பவே. ஒன்பது பத்துக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"சிஸ்டர், கிருமி வளருதான்னு பாக்கணும், கல்ச்சருக்கு ரத்தம் எடுங்க, மருந்து இப்பவே ஆரம்பிங்க. இது ஆய்வகத்துக்குப் போகட்டும்." பிறகு மூக்கக்கா பக்கம் திரும்பினார். "உங்களைத் திட்ட இப்ப நேரமில்ல. அப்புறம் திட்டறேன்."

சொன்னபடி திட்டினார். அதற்கு முன்னால் மாலையில் குழந்தைக்கு மூச்சு தடுமாறியது. நாலு நாள் செயற்கைச் சுவாசம். ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. ஆய்வக அறிக்கை வந்தது: பனிக்குடச் சவ்வில் கடுமையான அழற்சி.

"கிருமி கீழேயிருந்து ஏறும்" என்று டாக்டர் விளக்கினார். "தாய்க்குக் காய்ச்சல்கூட வராது. ஆனா உடம்பு உள்ளுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டிருக்கும். அந்தச் சண்டையிலதான் வலி முன்னாடியே வந்துடுது. குழந்தையும் அதுல மாட்டிக்குது. நுரையீரல், கண், மூளை எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"ரெண்டரை மணி நேரம் முன்னாடியே மருந்து போயிருந்தா, டாக்டரம்மா?"

"தெரியலக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

திட்டைவிட அந்தப் பதில்தான் அவரைத் தின்றது. நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அந்த எட்டு மாதத்தில் நடந்த குறைப்பிரசவங்களின் தாள்களையெல்லாம் டாக்டர்கள் மறுபடி புரட்டினார்கள். இனி மூக்கை நம்பி எழுதக்கூடாது என்று உத்தரவு. மூக்கக்கா தானாகவே ஒன்று தொடங்கினார்: அச்சடித்த தாள் ஒன்றைக் கண்ணாடித் தட்டின் அடியில் வைத்து, மேலே சவ்வை விரிப்பார். எழுத்து தெரிகிறதா என்று சிஸ்டரே குனிந்து பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் டாக்டர் வரும்வரை பையைக் கட்ட மாட்டார்.

இருபத்து நாலாம் நாள். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூக்கக்கா துண்டுகளோடு உள்ளே வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் தாய். "நான் வாளி தூக்கினதாலயா இவ சீக்கிரம் வந்தா? வீட்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆனா என் மாமியார் டாக்டர் முன்னாடி தலையாட்டிட்டு, வெளிய வந்து மறுபடி வாளியத்தான் எடுக்கறாங்க."

"வாளி இல்லம்மா. உள்ள அழற்சி இருந்துச்சு. நான் இந்தக் கண்ணால பாத்தேன். உங்க மாமியார்கிட்ட நானே சொல்றேன்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கால் கதவுப் பக்கம் திரும்பியும் விட்டது. "பாத்தும், உடனே சொல்லல. ரெண்டரை மணி நேரம் சும்மா இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். தாயின் கை குழந்தையின் முதுகில் இருந்தது. அது ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது.

"பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா."

"வேணாம்மா. அதுக்காகச் சொல்லல."

மூக்கக்கா துண்டுகளைக் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கண் டாக்டர் வர்றாராம்" என்றார் தாய். "இவளைப் பிடிச்சுக்கணும்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னா அழுதுடுவேன். நீங்க பிடிச்சுக்குங்க. என்ன சொல்றார்னு அப்படியே, ஒரு வார்த்தை விடாம, எனக்கு வந்து சொல்லணும்."

"சொல்றேன்."

மறுநாள் ஏழே முக்காலுக்கே அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.