இடம் மாறிய விளக்கு

1994 கோடையில் நூம்பல் பக்கம் ஏரிக்கரையில் மவுண்டன் பைக் எனப்படும் மலை சைக்கிள்களில் ஒரு போட்டி இரவு முழுவதும் நடந்தது. எங்கள் அணியில் மூன்று பேர். ஒருவர் மாற்றி ஒருவர் கரையைச் சுற்றி வர வேண்டும். திருப்பங்களில் வழி காட்ட, சிவப்புத் துணி சுற்றிய அரிக்கேன் விளக்கும் காவலுக்கு ஓர் ஆளும் உண்டு.

என் மூன்றாவது சுற்றில் நான்தான் முதலில் போய்க்கொண்டிருந்தேன். சற்றுப் பின்னால் ஐயப்பன்தாங்கல் அணிக்காரர். செங்கல் சூளைத் திருப்பத்தில் விளக்கு கொஞ்சம் தள்ளி எரிவதுபோல் தோன்றியது. இருந்தும் அதை நோக்கியே ஓட்டினேன். திடீரென்று சக்கரம் பொதபொதவென்று மண்ணில் இறங்கியது. டார்ச் வெளிச்சத்தில் முன்னால் ஒரு டயர் தடம்கூட இல்லை. பிரேக்கை அழுத்தினேன். நான்கடி தள்ளி, சூளைக்கு மண் எடுத்த பள்ளம், ஆள் உயரத்துக்கு மேல் ஆழம்.

"வெளக்க யார்றா நவுத்தினது?" என்று கத்தினேன்.

புதர் மறைவிலிருந்து காவலாளி பதில் சொன்னார்: "கத்தாத நைனா! பூச்சி பொட்டு கீதேன்னு வெளக்க எடுத்துகினு ஒதுங்க வந்தேன்."

"பள்ளத்துல உழுந்திருப்பேன்யா!"

"உழல இல்ல? அப்பால இன்னா?"

இதற்குள் பின்னால் வந்தவர் இந்த விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான பாதையில் போய்விட்டார். வெற்றியும் அவர்களுக்கே. அவரும் காவலாளியும் மாமன் மச்சான் என்பது பரிசளிப்பின்போதுதான் தெரிந்தது. கேட்டதற்கு இருவரும் சிரித்தார்கள்.

இப்போதெல்லாம் எந்தப் போட்டியானாலும் பகலிலேயே போய்ப் பாதையைப் பார்த்துவிடுகிறேன். விளக்குக்குக் காவல் இருப்பவர் யாருக்கு என்ன உறவு என்பதையும் விசாரித்துவிடுகிறேன்.